நிலவும் ரயிலும் அசைத்த தராசு

பேச்சு வழக்கில் நிறையும் எடையும் ஒன்றாகவே புழங்கினாலும் இயற்பியல் அவ்விரண்டையும் பிரித்தே வைக்கிறது: ஒரு பொருளைப் புவி எவ்வளவு விசையுடன் இழுக்கிறது என்பது எடை, அப்பொருளை நகர்த்தவோ நிறுத்தவோ முயலும்போது அது காட்டும் தயக்கத்தின் அளவு நிறை. ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக்கடைத் தராசில் வைக்கப்படும் எட்டு கிராம் பவுனை நிலவுக்குக் கொண்டுசென்றால் அதன் எடை ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்; நிறையோ இம்மியும் மாறாது. அந்த நகைக்கடையில் படிக்கல் சரியானதா என்ற ஐயம் வாங்குபவருக்கும் எழுவதில்லை, விற்பவருக்கும் எழுவதில்லை, ஏனெனில் அதன் மீதுள்ள அரசு முத்திரை அக்கேள்விக்கு முன்பே விடை கூறிவிட்டது. அணுவினும் சிறிய துகள்களின் நிறையை அளப்பவர்களுக்கு இந்த வசதி வாய்ப்பதில்லை. அவர்களுடைய உழைப்பில் பெரும்பகுதி துகளை அளப்பதைக் காட்டிலும் படிக்கல்லை அளப்பதிலேயே செலவாகிறது என்பதை இசட், டபிள்யூ என்று பெயரிடப்பட்ட இரு துகள்கள் அளக்கப்பட்ட வரலாறு காட்டுகிறது.

இவ்விரண்டும் போசான் எனப்படும் வகையைச் சேர்ந்தவை; 1924இல் ஒளித்துகள்களின் கூட்டியல்பை விளக்கிய வங்க அறிவியலாளர் சத்தியேந்திரநாத் போஸின் பெயரே அவ்வகைக்குச் சூட்டப்பட்டது. இயற்கையின் அடிப்படை விசைகளில் ஒன்றாகிய மெல்விசையைச் சுமந்துசெல்வது இவற்றின் வேலை. கதிரவனின் மையத்தில் இரண்டு புரோட்டான்கள் இணையும்போது அவற்றுள் ஒன்று நியூட்ரானாக மாறியாக வேண்டும். அம்மாற்றத்தை நிகழ்த்துவது டபிள்யூ. அது இப்போதைய நிறையைவிட இலேசானதாக இருந்திருந்தால் மெல்விசை வலுவடைந்து கதிரவனின் எரியும் வேகமே வேறாகியிருக்கும். ஆகவே இத்துகளின் நிறை ஆய்வகத்தின் ஆர்வத்தோடு நின்றுவிடும் எண் அன்று.

இத்தகைய துகள்களின் நிறையைக் கிராமில் சொல்வது பாயான் லெப்பாஸிலிருந்து பத்து பெராங்கி வரையுள்ள தூரத்தை ஒளியாண்டில் சொல்வதற்கு ஒப்பாகும். நிறையும் ஆற்றலும் ஒன்றுக்கொன்று மாறத்தக்கவை என்ற ஐன்ஸ்டைனின் கூற்றின்படி, நிறையை ஆற்றலின் அலகிலேயே குறிப்பது துகள் இயற்பியலின் வழக்கம். ஒரு வோல்ட் மின்னழுத்த வேறுபாட்டைக் கடக்கும் எலக்ட்ரான் பெறும் ஆற்றல் ஒரு எலக்ட்ரான் வோல்ட். அதன் பத்து லட்சம் மடங்கு மெகா எலக்ட்ரான் வோல்ட். சுருக்கம் கருதி இந்த அத்தியாயத்தில் பின்னது ‘மெகா அலகு’ என்றே குறிக்கப்படும். எலக்ட்ரானின் நிறை 0.511 மெகா அலகு, புரோட்டானின் நிறை 938.27 மெகா அலகு. இசட் போசானின் நிறையோ 91,187.5 மெகா அலகு, அதாவது ஏறத்தாழ 97 புரோட்டான்களுக்குச் சமம். உள்ளுறுப்பு ஏதுமற்றதாகக் கருதப்படும் இந்த ஒற்றைத் துகள் ஓர் இரும்பு அணுவைக் காட்டிலும் கனமானது, மாலிப்டினம் அணு ஒன்றுக்கு நிகரானது. சற்றே இலேசான டபிள்யூ ரூபிடியம் அணுவின் அளவு நிறை கொண்டது.

கனமாக இருப்பதால் அளப்பது எளிது என்று எண்ணத் தோன்றும். ஆனால் ஒரு நொடியைக் கோடி கோடி கோடி கூறாக்கி, அதில் ஒரு கூற்றை மீண்டும் நாலாயிரம் கூறாக்கினால் கிடைக்கும் கால அளவே இசட் போசானின் வாழ்நாள். அதற்குள் ஒளியின் வேகத்தில் ஓடினாலும் ஒரு புரோட்டானின் குறுக்களவில் பத்தில் ஒரு பங்குத் தொலைவைக்கூட அது கடக்க இயலாது. எந்த உணரியும் இசட் போசானைக் கண்டதில்லை, காணப்போவதும் இல்லை. அது சிதைந்து உண்டாகும் எலக்ட்ரான்களும் மியூவான்களும் பிற துகள்களுமே உணரிகளை எட்டுகின்றன. மியூவான் என்பது எலக்ட்ரானை எல்லா வகையிலும் ஒத்திருந்து, நிறையில் மட்டும் அதனைப் போல் ஏறத்தாழ 207 மடங்கான துகள்.

எனவே வழிகள் இரண்டு. சிதைவில் பிறந்த துகள்களின் ஆற்றலையும் உந்தத்தையும் கூட்டிக் கழித்து, அவற்றைப் பெற்ற துகளின் நிறையைப் பின்னோக்கிக் கணக்கிடுவது ஒன்று. ஐரோப்பிய அணு ஆய்வு அமைப்பான செர்ன் 1983இல் இவ்விரு போசான்களையும் கண்டறிந்தபோது பின்பற்றியது இதுவே. ஆனால் அப்போது கிடைத்த நிகழ்வுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவையாக இருந்தமையால், டபிள்யூவின் நிறை 81,000 மெகா அலகு என்றும் அதில் இருபுறமும் 5,000 வரை பிழை இருக்கலாம் என்றும் மட்டுமே சொல்ல முடிந்தது. மோதும் துகள்களின் ஆற்றலையே சிறிது சிறிதாக மாற்றி, எந்த ஆற்றலில் இசட் மிகுதியாகப் பிறக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது மற்றொன்று. இரண்டாவது வழிக்கு எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளாகிய பாசிட்ரானும் தேவை, ஏனெனில் அவை மோதி அழியும்போது அவற்றின் முழு ஆற்றலும் சிந்தாமல் புதிய துகளாகிவிடுகிறது. புரோட்டான்களோ குவார்க்குகளின் மூட்டை. எந்தக் குவார்க் எவ்வளவு ஆற்றலோடு மோதியது என்பது ஒவ்வொரு மோதலிலும் வேறுபடும்.

இதற்கென்றே ஜெனீவாவுக்கு அருகில், சுவிட்சர்லாந்து பிரான்சு எல்லைக்கு அடியில், எல்இபி என்னும் வளைய மோதுவி கட்டப்பட்டது. பினாங்குப் பாலம் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்ட அதே 1985ஆம் ஆண்டில் அதன் சுரங்கம் தோண்டத் தொடங்கப்பட்டது; 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாலத்தில் ஒருமுறை போய்த் திரும்பும் தொலைவு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே வளையத்தின் சுற்றளவு. 1989 ஆகஸ்டில் முதல் மோதல்கள் நிகழ்ந்தன. வளையத்தின் நான்கு இடங்களில் நான்கு பெரும் உணரிகள் அமைந்திருந்தன. அவற்றுள் எல்-3 என்பதில் மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பங்கேற்றது. அவ்வுணரிக் குழுவுக்குத் தலைமை தாங்கிய சாமுவேல் டிங் பின்னர் மீண்டும் இந்த அத்தியாயத்துக்குள் வருவார்.

மோதலின் ஆற்றலைப் படுகிடையாகவும், பிறக்கும் இசட்களின் எண்ணிக்கையைச் செங்குத்தாகவும் வைத்து வரைந்தால் ஒரு குன்று எழும். வாழ்நாள் குறுகிய துகளின் நிறை ஒற்றை எண்ணாக நிற்காது என்பது குவாண்டம் இயற்பியலின் விதி. வாழ்நாள் குறையக் குறைய நிறை பரவும். இசட்டின் பரவல் ஏறத்தாழ 2,495 மெகா அலகு. கொடிமலையின் உச்சி எங்கே என்று கேட்டால், மேலே நின்று பார்ப்பவருக்கு எல்லா இடமும் ஒரே மட்டமாகத்தான் தெரியும். மலையின் இருபுறச் சரிவுகளையும் அளந்து, ஒரே உயரத்தில் உள்ள இரு இடங்களின் நடுவைக் கண்டால் உச்சி தானே பிடிபடும். 1993இலும் 1995இலும் எல்இபியில் செய்ததும் அதுவே: உச்சிக்குக் கீழே ஏறத்தாழ 1,800 மெகா அலகு தள்ளி ஒரு புள்ளி, மேலே அதே அளவு தள்ளி ஒரு புள்ளி, நடுவே ஒரு புள்ளி என்று ஆற்றலை வைத்து மோதல்களை எண்ணினார்கள். இக்குன்று சமச்சீரானதும் அன்று; மோதுவதற்குச் சற்று முன் எலக்ட்ரான் ஓர் ஒளித்துகளை உமிழ்ந்து ஆற்றலை இழக்கக்கூடும் என்பதால் உச்சி ஏறத்தாழ 100 மெகா அலகு மேலே நகர்ந்துவிடுகிறது, உயரமும் கால் பங்குக்கு மேல் குறைகிறது. இந்த நகர்வைக் கோட்பாட்டாளர்கள் மிக நுட்பமாகக் கணக்கிட்டிருந்தார்கள். தொல்லை கொடுத்தது வேறொன்று.

எண்ணுவது எளிது, எந்த ஆற்றலில் எண்ணினோம் என்பதை அறிவதே கடினம். கற்றையின் ஆற்றல் பத்து மெகா அலகு தவறாகத் தெரிந்திருந்தால் நிறையிலும் அதற்கேற்ற தவறு சேரும். அக்காலச் சோவியத் நாட்டின் நோவோசிபிர்ஸ்க் நகரத்தில் 1970களில் வளர்த்தெடுக்கப்பட்ட ஒரு முறை இங்கே கைகொடுத்தது. எலக்ட்ரான் ஒவ்வொன்றும் பம்பரத்தைப் போல் தற்சுழற்சி உடையது, கூடவே ஒரு சிறு காந்தமாகவும் நடந்துகொள்வது. வளையத்தில் நெடுநேரம் சுற்றும்போது, வெளியிடும் ஒளியின் விளைவாக அவற்றின் சுழல் அச்சுகள் மெல்ல மெல்ல ஒரே திசை நோக்கி அணிவகுக்கின்றன. அந்த அச்சு, தலையாடும் பம்பரத்தைப் போல், வளையத்தை ஒருமுறை சுற்றி வருவதற்குள் எத்தனை முறை தள்ளாடுகிறது என்பது எலக்ட்ரானின் ஆற்றலை மட்டுமே பொறுத்தது. 45,600 மெகா அலகு ஆற்றலில் அது ஏறத்தாழ 103.5 முறை. இப்போது பக்கவாட்டிலிருந்து ஒரு மெல்லிய காந்தத் துடிப்பைக் கொடுத்து அதன் அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே வந்தால், ஊஞ்சலின் ஆட்டத்தோடு இசைந்து தள்ளும் கையைப் போல, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அணிவகுப்பு முழுவதும் குலைந்துவிடும். குலைந்த கணத்தின் அதிர்வெண்ணே ஆற்றலைச் சொல்லிவிடும். மனிதர் அளக்கத் தெரிந்தவற்றுள் அதிர்வெண்ணைப் போல் துல்லியமாக அளக்கக்கூடியவை மிகச் சிலவே என்பதால், இம்முறையில் கற்றையின் ஆற்றல் ஒரு மெகா அலகுக்கும் குறைவான பிழையோடு கிடைத்தது.

துல்லியம் கூடியதும் புதிர் முளைத்தது. காந்தங்களின் மின்னோட்டத்தில் மாற்றமில்லை, வெப்பநிலைத் திருத்தமும் செய்தாயிற்று. இருந்தும் ஒரு நாள் அளந்த ஆற்றல் மறுநாள் அளந்ததோடு ஒத்துவரவில்லை. விடையை நிலவிடம் தேட வேண்டியிருந்தது.

வெல்ட் கீயின் சீனக் குலத்தார் மரத்துறைகளில் வாழ்வோருக்குக் கடல் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குவது சொல்லித்தர வேண்டிய செய்தி அன்று. வீடுகளின் கால்களில் நீர் விட்டுச்செல்லும் கோடே அதற்குச் சான்று. நிலவும் கதிரவனும் இழுப்பது கடலை மட்டும் அன்று, பாறையையும்தான். திண்ணிய நிலமும் நாளுக்கு இருமுறை எழுந்து தாழ்கிறது. ஜெனீவா வட்டாரத்தில் முழுநிலவு நாள்களில் அது 25 சென்டிமீட்டரை எட்டும், நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள பினாங்கில் அதனினும் மிகும். கொம்தார் கோபுரமும் பாலமும் மரத்துறையும் சேர்ந்தே எழுந்து சேர்ந்தே தாழ்வதால் ஒருவரும் அதை உணர்வதில்லை. ஆனால் நிலம் எழும்போது அது மிகச் சிறிதளவு விரியவும் செய்கிறது. எல்இபி வளையத்தின் 26.7 கிலோமீட்டர்ச் சுற்றளவு அவ்வாறு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கூடிக் குறைந்தது.

அந்த ஒரு மில்லிமீட்டர் இவ்வளவு பெரிதாவதற்குக் காரணம் உண்டு. எலக்ட்ரான்கள் ஒருமுறை சுற்றிவர எடுக்கும் நேரத்தை வளையத்திலுள்ள வானொலி அலைக் கருவிகள் இறுக்கமாகக் கட்டுப்படுத்துகின்றன. எலக்ட்ரான்கள் ஏறத்தாழ ஒளியின் வேகத்திலேயே ஓடுவதால், நேரம் மாறாதபோது அவை ஓடும் பாதையின் நீளமும் மாற இயலாது. வளையம் விரிந்து காந்தங்கள் வெளிப்புறம் நகர, பாதை மட்டும் பழைய நீளத்திலேயே நிற்பதால், துகள்கள் கற்றையைக் குவிக்கும் காந்தங்களின் நடுவை விட்டு உட்புறமாக ஓட நேர்கிறது. அங்கே அவை பெறும் வளைவு வேறுபடுகிறது, அதனால் ஆற்றலும் குறைகிறது. நீளத்தில் இரண்டு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக நேரும் மாற்றம், ஆற்றலில் ஐயாயிரத்தில் ஒரு பங்காக, அதாவது ஏறத்தாழ 10 மெகா அலகாகப் பெருகிவிடுகிறது. 1992 நவம்பர் 11ஆம் நாள், முழுநிலவுக்கு மறுநாள், கற்றையின் ஆற்றலைத் தொடர்ந்து அளந்து பார்த்தபோது, நிலவின் இழுப்பிலிருந்து முன்கூட்டியே வரைந்துவைத்த வளைகோட்டின் மீதே அளவீடுகள் வரிசையாக வந்து அமர்ந்தன. வான்நூல் அறிவு துகள் இயற்பியலுக்கு இவ்வளவு நேரடியாகப் பயன்பட்ட தருணங்கள் அரிது.

நிலவு ஒழுங்கானது, அதன் வரவைப் பல்லாண்டு முன்பே கணித்துவிடலாம். மழை அப்படியன்று. ஜெனீவா ஏரியின் நீர்மட்டமும் ஜூரா மலையடிவாரத்தில் ஊறும் மழைநீரும் நிலத்தை அழுத்தியும் உப்பச் செய்தும் வளையத்தை நகர்த்தின. இம்மாற்றம் வாரக்கணக்கில் மெல்ல நிகழ்வதால், கற்றை குழாயின் நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்தே திருத்திக்கொள்ள முடிந்தது.

மூன்றாவது இடையூறு 1995இல் பிடிபட்டது. சுரங்கத்திலுள்ள சில காந்தங்களுக்குள் நேரடியாகக் காந்தப்புலத்தை அளக்கும் கருவிகளைப் பொருத்தியபோது, பகல் முழுவதும் புலம் நடுங்குவதும், நள்ளிரவு கடந்ததும் அடங்குவதும், விடியற்காலையில் மீண்டும் நடுக்கம் தொடங்குவதும் தெரிந்தது. இயற்கை நிகழ்வு எதுவும் இப்படி மனிதர் உறங்கும் நேரம் பார்த்து ஓய்வெடுப்பதில்லை. ஜெனீவாவிலிருந்து பாரிசுக்குச் செல்லும் அதிவேக ரயிலும் பிற ரயில்களும் ஓடிய பிரெஞ்சுப் பாதை அக்காலத்தில் 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்கியது. ரயிலை இயக்கிய மின்னோட்டம் தண்டவாளத்தின் வழியே திரும்பிச்செல்ல வேண்டியிருக்க, அதில் ஒரு பகுதி மண்ணில் கசிந்து, மண்ணைவிட எளிய வழியாக அமைந்த மோதுவியின் உலோகக் குழாயைப் பற்றிக்கொண்டு, வெர்சுவா ஆற்றின் அருகே வெளியேறியது. குழாயில் ஓடிய மின்னோட்டம் ஓர் ஆம்பியர் அளவே. ஆயினும் அதன் ஒவ்வொரு துடிப்பும் காந்தத்தின் இரும்பைத் தட்டித் தட்டி உசுப்பியதால், காந்தப்புலம் மணிக்கணக்கில் சிறிது சிறிதாக ஏறியது. கற்றையின் ஆற்றலும் சில மெகா அலகுகள் கூடியது. ரயில் நேரப் பட்டியலையும் காந்தப்புல வரைபடத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும் நிலை இயற்பியலாளர்களுக்கு வந்தது. (பட்டர்வொர்த்திலிருந்து தெற்கே செல்லும் மின்ரயில் 25,000 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தில் ஓடுவது, செபராங் பிறை மண்ணுக்கு அடியில் என்றேனும் ஒரு மோதுவி கட்டப்பட்டாலும் இந்த ஒரு தொல்லை அதற்கு இவ்வடிவில் நேராது.)

நான்கு உணரிகளும் சேர்ந்து பதிவுசெய்த இசட் சிதைவுகள் 1 கோடியே 70 லட்சம். அவற்றிலிருந்து தேறிய இறுதி முடிவு 91,187.5 மெகா அலகு, பிழை 2.1. எட்டு கிராம் பவுனை ஒரு மில்லிகிராமின் ஐந்தில் ஒரு பங்குக்குள் சரியாக நிறுப்பதற்கு இது சமம். அந்த 2.1இன் உட்கூறுகளைப் பிரித்துப் பார்த்தால், கற்றை ஆற்றலின் ஐயப்பாடு மட்டும் 1.7 என்று தெரிகிறது. நிலவையும் ஏரியையும் ரயிலையும் கழித்த பின்பும், எஞ்சிய பிழையில் மிகப் பெரியது படிக்கல்லின் பிழைதான். இதே குன்றின் வடிவத்திலிருந்து நியூட்ரினோ என்னும் துகளின் வகைகள் மூன்றே என்பதும் உறுதியாயிற்று. இசட் அளவீடுகள் தந்த மற்றொரு பெரும் பேறாக, அதுவரை எவரும் காணாத டாப் குவார்க்கின் நிறை எந்த எல்லைக்குள் இருக்கும் என்றும் சொல்ல முடிந்தது, 1995இல் அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் அது கண்டறியப்பட்டபோது அந்த எல்லைக்குள்ளேயே இருந்தது.

ஒரு துகளின் நிறையிலிருந்து இன்னொன்றின் நிறையை ஊகிக்க முடிவதற்குக் காரணம், அறியப்பட்ட துகள்கள் அனைத்தையும் ஒரே கணக்கில் கட்டும் ‘திட்ட மாதிரி’ என்ற கோட்பாடு. அதில் இசட், டபிள்யூ, டாப் குவார்க், இக்ஸ் போசான் ஆகியவற்றின் நிறைகள் ஒன்றையொன்று பிணைத்து நிற்கின்றன. மற்றவற்றை அளந்துவிட்டால் டபிள்யூ எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைக் கோட்பாடே சொல்லிவிடும், அது 80,357 மெகா அலகு, பிழை 6. அளந்த டபிள்யூ இதிலிருந்து விலகினால், எவரும் அறியாத ஒரு துகள் எங்கோ மறைந்திருந்து கணக்கைத் தொடுகிறது என்று பொருள். ஆகவே டபிள்யூவை அளப்பது ஒரு வேவு வேலை.

ஆனால் டபிள்யூ எளிதில் அகப்படுவதில்லை. அது ஒரு மியூவானாகவும் ஒரு நியூட்ரினோவாகவும் சிதையும்போது, நியூட்ரினோ எந்த உணரியிலும் தடம் பதிக்காமல் போய்விடுகிறது. கூட்டிப் பார்க்க வேண்டிய இரு எண்களில் ஒன்று எப்போதும் தொலைந்தே இருக்கும். கிடைப்பது மியூவானின் பக்கவாட்டு உந்தம் மட்டுமே. அசையாமல் நிற்கும் டபிள்யூ சிதைந்தால் மியூவானுக்குப் பாதி ஆற்றல், அதாவது 40,000 மெகா அலகுக்குச் சற்று மேல், கிடைக்கும். எனவே கோடிக்கணக்கான மியூவான்களின் பக்கவாட்டு உந்தங்களை வரைந்தால், 40,000 வரை ஏறிச்சென்று பின் செங்குத்தாகச் சரியும் ஒரு விளிம்பு தெரியும். அவ்விளிம்பின் இடமே நிறையைச் சொல்கிறது. டபிள்யூவின் நிறை பத்து மெகா அலகு மாறினால் விளிம்பு ஐந்து மெகா அலகுதான் நகரும், அதுவும் டபிள்யூ பிறக்கும்போதே பக்கவாட்டில் பெற்ற ஓட்டத்தால் மழுங்கிப்போன விளிம்பில்.

எல்இபி 2000ஆம் ஆண்டு நவம்பரில் நிறுத்தப்பட்டு, அதே சுரங்கத்தில் பெரிய ஹாட்ரான் மோதுவி எழுந்தது. அதன் உணரிகளில் ஒன்றாகிய சிஎம்எஸ், 14,000 டன் எடையுள்ள ஓர் உருளை. அதன் நடுவே உள்ள மீக்கடத்திக் காந்தம் 3.8 டெஸ்லா புலத்தை உண்டாக்குகிறது. பினாங்கில் திசைகாட்டி முள்ளைத் திருப்பும் புவிக் காந்தப்புலத்தைப் போல் அது 80,000 மடங்குக்கும் மேல். அப்புலத்தில் மியூவானின் பாதை வளைகிறது, வளைவிலிருந்து உந்தம் கணக்கிடப்படுகிறது. டபிள்யூவிலிருந்து வரும் மியூவான் அவ்வளவு வேகமானது என்பதால், ஒரு மீட்டருக்குச் சற்று மேலான தொலைவில் அதன் பாதை நேர்கோட்டிலிருந்து ஏறத்தாழ 4 மில்லிமீட்டர்தான் விலகும். நிறையைப் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குச் சரியாகச் சொல்ல, இந்த விலகலைச் சராசரியில் அரை மைக்ரோமீட்டருக்குள், தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே, அறிந்தாக வேண்டும். பாதையின் புள்ளிகளைப் பதிவுசெய்வன ஏறத்தாழ 200 சதுர மீட்டர்ப் பரப்புள்ள சிலிக்கான் தகடுகள். 1972இல் இன்டெல் தன் முதல் கடல்கடந்த ஆலையை அமைத்த நாள்முதல் பாயான் லெப்பாஸ் கையாண்டுவரும் அதே பொருள்தான் இந்தச் சிலிக்கான். சில்லைச் செய்வதைப் போலவே அதைச் சோதிப்பதற்கும், சோதிக்கும் கருவியையே சோதிப்பதற்கும் எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை அறிந்த ஊர் அது. அவ்வகையில் துகள் இயற்பியலாளரின் அன்றாடம் ஜெனீவாவில் உள்ள கடிகார விற்பனையாளரைவிடப் பினாங்கின் ஆலைப் பொறியாளருக்கு எளிதில் விளங்கும்.

தமிழகத்துப் பொற்கொல்லர்கள் முற்காலத்தில் குன்றிமணியையும் மஞ்சாடியையும் படிக்கல்லாகக் கொண்டனர். ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடாத விதைகள் என்பதே அவற்றின் தகுதி. சிஎம்எஸ் குழுவினர் தேர்ந்துகொண்ட குன்றிமணி, ஜே-சை என்னும் துகள். அது இரண்டு மியூவான்களாகச் சிதையக்கூடியது, இரண்டும் தடம் பதிப்பவை, எனவே நிறையை முழுமையாகக் கணக்கிடலாம். வரும் விடை 3,096.9 மெகா அலகுக்கு மேலோ கீழோ நின்றால் குறை காந்தப்புல வரைபடத்திலோ சிலிக்கான் தகடுகளின் இருப்பிடத்திலோ இருக்கிறது என்று அறிந்து திருத்தலாம். 1974 நவம்பரில் இத்துகளைத் தனித்தனியே கண்டறிந்து அறிவித்த இரு குழுக்களில் ஒன்றின் தலைவரே, பிற்காலத்தில் எல்-3ஐ வழிநடத்திய டிங். இக்குன்றிமணியின் நிறை இவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தது எப்படி என்று மேலும் கேட்டால், விடை மீண்டும் நோவோசிபிர்ஸ்க்குக்கே கொண்டுசெல்கிறது: தலையாடும் எலக்ட்ரான் பம்பரங்களின் அதிர்வெண்ணைக் கொண்டு அங்குள்ள மோதுவியில் அளந்த எண் அது.

2016இல் பதிவான மோதல்களிலிருந்து பத்துக் கோடிக்கும் மேற்பட்ட டபிள்யூ நிகழ்வுகளைப் பிரித்தெடுத்து, நானூறு கோடிக்கும் மேலான கணினிப் பாவனை நிகழ்வுகளோடு ஒப்பிட்டு, எட்டு ஆண்டுகள் கழித்து, 2024 செப்டம்பர் 17 அன்று சிஎம்எஸ் தன் முடிவை அறிவித்தது: 80,360.2 மெகா அலகு, பிழை 9.9. ஒரு பவுனை ஒரு மில்லிகிராம் வரை சரியாக நிறுத்ததற்கு ஒப்பானது இது. இந்த உணரிக் கூட்டமைப்பில் கோலாலம்பூரின் மலாயாப் பல்கலைக்கழகத் தேசியத் துகள் இயற்பியல் மையமும், டாட்டா நிறுவனமும், சென்னை ஐ.ஐ.டி.யும் அடங்கும். உணரியின் ஒரு பகுதிக்கு வேண்டிய சிலிக்கான் பட்டைகள் பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் செய்யப்பட்டவை.

எட்டு ஆண்டு என்ற காலத்துக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. சிஎம்எஸ் முடிவுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2022 ஏப்ரலில், ஃபெர்மி ஆய்வகத்தின் சிடிஎஃப் குழு 42 லட்சம் டபிள்யூ நிகழ்வுகளைக் கொண்டு வெளியிட்ட எண் துகள் இயற்பியலையே கலக்கியிருந்தது. டியூக் பல்கலைக்கழகத்தின் அசுதோஷ் கோட்வால் முன்னின்று நடத்திய அந்த ஆய்வு, கோட்பாட்டின் எண்ணிலிருந்து 76 மெகா அலகு விலகி, 80,433.5 என்றும் பிழை 9.4 மட்டுமே என்றும் கூறியது. இத்தகைய விலகல் தற்செயலாக நேர்வதற்கான வாய்ப்பைப் புறக்கணித்துவிடலாம். விரும்பிய விடையை நோக்கி அறியாமலே சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக, அக்குழுவினர் கணக்குக்குள் எவருக்கும் தெரியாத ஓர் எண்ணைக் கணினியால் கூட்டிவைத்து, எல்லாத் திருத்தங்களும் முடிந்த பின், 2020 நவம்பரிலேயே அதைக் கழித்து உண்மை விடையைப் பார்த்தார்கள். அதன் பின் எதையும் மாற்றவில்லை. சிஎம்எஸ் குழுவும் இதே கண்கட்டு முறையைக் கையாண்டது. விடையைத் தனக்கே மறைத்துக்கொள்ளும் இந்த ஒழுக்கம், நுண்ணளவு அறிவியல் கண்டுபிடித்த கருவிகளுள் மிகச் சிறந்தது எனலாம்.

ஆனால் கண்கட்டு முறை சாய்வைத்தான் தடுக்கும், பிழையைத் தடுக்காது. சிடிஎஃப் உணரியோடு ஒரே வளையத்தில் அமைந்திருந்த, இந்திய நிறுவனங்கள் சில பங்கேற்ற டிஜீரோ உணரி 2012இல் தந்த எண் 80,375, பிழை 23. ஜெனீவாவின் அட்லஸ் உணரி தந்தது 80,366.5, பிழை 15.9. சிஎம்எஸ்ஸும் இவற்றோடு சேர்ந்துகொள்ள, சிடிஎஃப் மட்டும் தனித்து நிற்கிறது. எல்லா அளவீடுகளையும் ஒன்றுசேர்க்க முயன்ற கூட்டுக்குழு ஒன்று, சிடிஎஃப்பையும் உட்படுத்தினால் அவை அனைத்தும் ஒத்துப்போவதற்கான வாய்ப்பு 0.5 விழுக்காடே என்று 2023இல் கணக்கிட்டது. பெரும்பான்மை ஒருபுறம் இருப்பதால் சிறுபான்மை தவறாகிவிடாது; ஆயினும் தவறு எங்கே என்று சுட்டிக்காட்ட எவராலும் இதுவரை முடியவில்லை.

சிடிஎஃப் உணரியின் நடுவே 30,240 மெல்லிய உணர்கம்பிகள் கட்டப்பட்ட ஓர் அறை இருந்தது. வானிலிருந்து விழும் காஸ்மிக் மியூவான்கள் அறையின் ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளியேறும் தடங்களைக் கொண்டு, ஒவ்வொரு கம்பியின் இடமும் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் வரை சரிபார்க்கப்பட்டிருந்தது. அதே கம்பிகளின் வழியே இன்னொரு முறை டபிள்யூவை அளந்து பார்க்க இயலுமானால் ஐயம் தீரலாம். ஆனால் அந்த வளையம் 2011 செப்டம்பர் 30 அன்றே நிறுத்தப்பட்டுவிட்டது, உணரியும் பிரிக்கப்பட்டுவிட்டது. எஞ்சியிருப்பவை அது விட்டுச்சென்ற தரவுகளும், 80,433.5 என்ற எண்ணும்.